வேர்டில், ஸ்பெல்லிங் பீ, கனெக்‌ஷன்ஸ்: தினசரிச் சொல் விளையாட்டுகளில் எது தேறும்?

வேர்டிலில் முதலில் பாராட்ட வேண்டியது, அது முடிந்துவிடுகிறது என்பதைத்தான். ஒளிந்திருக்கும் ஓர் ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல், அதைக் கண்டுபிடிக்க ஆறு முயற்சி, நாளுக்கு ஒன்று. கண்டுபிடித்தாலும் கோட்டை விட்டாலும் அத்தோடு கடை சாத்தியாயிற்று. நள்ளிரவு தாண்டினால்தான் அடுத்தது. கைப்பேசியில் இருக்கும் மற்ற விளையாட்டெல்லாம் 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று கையைப் பிடித்து இழுக்கும்போது, இது மட்டும் போய் வேலையைப் பார் என்கிறது. சின்னச் சபலங்களுக்கு எல்லைக்கோடு போடும் பொறுப்பை நம் மனக்கட்டுப்பாட்டிடம் விட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். விளையாட்டே கோட்டைப் போட்டுக் கொடுத்தால் நல்லது. இங்கே ஒவ்வொன்றையும் எடைபோடுவது அந்தக் கண்ணோடுதான்: எவ்வளவு சுகம் தருகிறது, எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது, எந்த இடத்தில் எரிச்சல் மூட்டுகிறது.

ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தம் வாழ்க்கைத் துணைக்காகச் செய்தது வேர்டில். பெயர் அவருடைய குடும்பப் பெயரை வைத்து ஒரு சிலேடை. 2021 அக்டோபரில் பொதுவெளிக்கு வந்தது. நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2 அன்று சுமார் 3 லட்சம் பேர். அந்த மாதக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. இடையில் நடந்த மாயம், டிசம்பரில் சேர்த்த பகிர்வுப் பொத்தான். சொல்லைக் காட்டாமல் நிறக் கட்டங்களை மட்டும் அனுப்பலாம். அடுத்தவர் ஆட்டத்தைக் கெடுக்காமல் பீற்றிக்கொள்ள இதைவிட நாசூக்கான வழி இணையத்தில் வேறு வந்ததில்லை.

விதி எளிது: பச்சை என்றால் எழுத்தும் சரி, இடமும் சரி, மஞ்சள் என்றால் எழுத்து உண்டு, இடம் வேறு, சாம்பல் என்றால் இல்லை. புதிதாக ஆடுபவர்கள் இடறுவது ஒரே எழுத்து இரண்டு முறை வரும்போது. பதில் 'க்ரேன்' என்று வைத்துக்கொள்ளுங்கள்: சி, ஆர், ஏ, என், ஈ. நீங்கள் 'ஈரி' என்று அடிக்கிறீர்கள்: ஈ, ஈ, ஆர், ஐ, ஈ. கடைசி ஈ பச்சையாகும், ஆர் மஞ்சளாகும், முதல் இரண்டு ஈயும் சாம்பலாகிவிடும். 'ஈ இருக்கிறது என்றும் சொல்கிறது, இல்லை என்றும் சொல்கிறதே' என்று குழம்ப வேண்டாம். பதிலில் ஒரு ஈதான் உண்டு. அதைப் பச்சைக்குக் கொடுத்தாயிற்று, மற்றவற்றுக்குப் பங்கு இல்லை. பச்சைகளுக்கு முதலில் கணக்குத் தீர்த்துவிட்டு, மிச்சம் இருந்தால் இடமிருந்து வலமாக மஞ்சள் கொடுக்கும். ஆக, சாம்பலான அந்த இரண்டு ஈயும் வீண் இல்லை. 'ஈ ஒன்றுக்கு மேல் கிடையாது' என்ற தகவலைக் கையில் கொடுத்துவிட்டன.

தொடக்கச் சொல் பற்றி ஆளுக்கொரு சித்தாந்தம் உண்டு. ஐந்து உயிரெழுத்தில் நான்கை ஒரே அடியில் தெரிந்துகொள்ளலாம் என்று 'அடியூ'வில் (ஏ, டி, ஐ, ஈ, யூ) தொடங்குபவர்கள் ஏராளம். கேட்க நன்றாக இருக்கிறது, பலன் குறைவு. ஏ, ஈ இரண்டும் ஏகப்பட்ட சொற்களில் எப்படியும் எட்டிப் பார்க்கும்; அவை இருப்பது தெரிந்தாலும் சொல் பிடிபடாது. சொல்லின் எலும்புக்கூடு ஆர், எஸ், எல், என், டீ போன்ற மெய்களில்தான் இருக்கிறது. உயிரும் இத்தகைய மெய்யும் கலந்த 'ஸ்லேட்', 'க்ரேன்', 'ரெய்ஸ்' (ஆர், ஏ, ஐ, எஸ், ஈ) வகைச் சொற்கள் அதனால்தான் நன்றாக வேலை செய்கின்றன. எண்ணிக்கையில் பார்த்தால்: வார்டிலின் பழைய பட்டியலில் பதிலாக வரக்கூடியவை 2,315 சொற்கள். 'ரெய்ஸ்' போட்டுவிட்டால் சராசரியாக 61 சொற்கள்தான் மிஞ்சும். ஐந்தும் சாம்பலான மிக மோசமான நாளில்கூட 168. ஒரே அடியில் 2,315-ஐ 168-க்குள் அடக்குவது சாதாரணக் காரியம் இல்லை. ஐந்து கட்டமும் சாம்பலாக வந்தால் முகம் சுளிக்கிறவர்கள் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

அதே பழைய பட்டியலைப் பிழையே இல்லாமல் ஆடும் கணினிக்குச் சராசரி 3.42 முயற்சி, அதற்கு உகந்த தொடக்கம் 'சாலெட்', அந்தக் காலத்துத் தலைக்கவசம் ஒன்றின் பெயர். சொற்பட்டியல் முழுவதும் மனப்பாடமாக உள்ள இயந்திரத்துக்கே இவ்வளவுதான் என்றால், நான்கில் முடிப்பவர் நன்றாக ஆடுகிறார் என்று பொருள். இரண்டில் முடித்தவர் தம் திறமையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. வேர்டில்பாட் என்ற துணைக்கருவி திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் 99-க்குத் தனித்தனி மதிப்பெண் போட்டு இதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

வேர்டிலில் தோற்பவர்களில் பெரும்பாலோர் சொல் தெரியாமல் தோற்பதில்லை. ஒரே சாயலில் உள்ள சொற்கூட்டத்தில் மாட்டிக்கொண்டு தோற்கிறார்கள். கடைசி நான்கு எழுத்து ஐ, ஜி, எச், டீ என்று பச்சையாகிவிட்டது என்று வையுங்கள். லைட், நைட், ரைட், சைட், மைட், ஃபைட், டைட், எய்ட் என்று எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கணக்குக்காக எட்டும் மிச்சம், கையில் நான்கு முயற்சி என்று கொள்வோம். நான்கு பச்சையைப் பார்த்த கையோடு லைட், நைட் என்று ஒவ்வொன்றாக அடிப்பவருக்கு வெற்றி வாய்ப்பு எட்டுக்கு நான்கு, சரிபாதி. நிதானமானவர் என்ன செய்வார்? பச்சையை மறந்துவிட்டு, 'ஃபெர்ன்ஸ்' என்று அடிப்பார்: எஃப், ஈ, ஆர், என், எஸ். எஃப் பச்சையானால் ஃபைட். ஈ மஞ்சளானால் எய்ட். அதேபோல் ஆர் என்றால் ரைட், என் என்றால் நைட், எஸ் என்றால் சைட். எதுவுமே நிறம் மாறாவிட்டால் லைட், மைட், டைட் மூன்றுதான் பாக்கி. முயற்சியும் மூன்று பாக்கி. தோற்கவே முடியாது. ஒரு முயற்சியைத் தெரிந்தே தண்டமாகக் கொடுத்து, சரிபாதி வாய்ப்பை நூற்றுக்கு நூறாக்கிக்கொள்வது இந்த ஆட்டத்தின் மிக அழகான நகர்வு. கேட்ச், மேட்ச், வாட்ச் கூட்டத்துக்கும் ரவுண்ட், சவுண்ட் கூட்டத்துக்கும் இதே வைத்தியம்.

இதில் ஒரு வேடிக்கை. 'ஃபெர்ன்ஸ்' பதிலாக வர வாய்ப்பில்லை. எஸ் சேர்த்துப் பன்மையாக்கிய சொற்களைப் பதிலாக வைப்பதில்லை என்று 2022 நவம்பரில் அறிவித்தார்கள். முயற்சியாக அடித்தால் ஏற்றுக்கொள்ளும். இப்படித் தூது மட்டும் போகக்கூடிய சொற்கள் நாலைந்து கையிருப்பில் இருந்தால் போதும்.

ஹார்ட் மோட் என்ற கடின முறையில் இந்த வித்தை செல்லாது. வெளிப்பட்ட குறிப்பை அடுத்தடுத்த முயற்சியில் பயன்படுத்தியே தீர வேண்டும். பச்சை அதே இடத்தில், மஞ்சள் எங்காவது. அதனால் மேலே சொன்ன எட்டுப் பேரையும் வாசலில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. திறமையைச் சோதிக்கிறது என்று பெயர், சோதிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தை. பரிந்துரைக்க மனம் வரவில்லை. அதில்தான் ஆடுவேன் என்பவர்கள், டீ கடைசியில் பச்சையானதும் அவசரப்பட்டு ஜி-எச் பக்கம் போகாமல், சாயல்காரர்கள் குறைவாக உள்ள சொல்லை முதலில் முயல வேண்டும். கடின முறை ஒன்றை மட்டும் தடுப்பதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்: சாம்பலான எழுத்தை மறுபடி போட்டாலும் வாயைத் திறக்காது. தவறு நம் தலையில்.

தமிழ் பேசுகிறவர்கள் பள்ளியில் படித்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். வேர்டில் அமெரிக்க வழக்கில் நடக்கிறது. 2022 தொடக்கத்தில் 'ஃபேவர்', 'ஹ்யூமர்' இரண்டும் யூ இல்லாமல் ஐந்தெழுத்துப் பதிலாக வந்தபோது அந்தப் பக்கம் முணுமுணுப்பு பலமாக இருந்தது. ஓ, ஆர் இரண்டும் கடைசியில் பச்சையானால் இந்த வாய்ப்பையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது பழகிவிடும்.

தொடர் வெற்றிக் கணக்கு, அதாவது ஸ்ட்ரீக், பலருக்கு உயிர். கணக்குத் தொடங்கி உள்நுழையாமல் ஆடினால் அந்த எண்ணிக்கை உலாவியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். உலாவியைத் துடைத்தாலோ புதுக் கைப்பேசிக்கு மாறினாலோ இருநூறு நாள் உழைப்பு ஆவியாகிவிடும். உள்நுழைந்து ஆடுவது ஒன்றே பாதுகாப்பு. நாள் மாறுவது உங்கள் கருவியின் கடிகாரப்படி என்பதால், நேர மண்டலம் தாண்டிப் பயணிப்பவர்கள் கிளம்புமுன்பே அன்றைய ஆட்டத்தை முடித்துவிடுவது உத்தமம்.

ஒன்று போதாது என்பவர்களுக்கு க்வோர்டில் இருக்கிறது: ஒரே நேரத்தில் நான்கு சொல், ஒன்பது முயற்சி. இதில் முதல் இரண்டு மூன்று முயற்சிகளை எழுத்து வேட்டைக்கே ஒதுக்கிவிட வேண்டும். முதல் கட்டத்தில் பச்சையைப் பார்த்துவிட்டு அதைத் துரத்தினால் மற்ற மூன்றும் பட்டினி கிடக்கும். எட்டுச் சொல், பதின்மூன்று முயற்சி என்று ஆக்டோர்டிலும் உண்டு. அங்கே போனால் சுகம் குறைந்து கணக்கப்பிள்ளை வேலை கூடிவிடுகிறது.

அடுத்தது ஸ்பெல்லிங் பீ. ஆபத்தானது இதுதான். தேன்கூட்டு வடிவில் ஏழு எழுத்து. நடுவில் இருப்பது ஒவ்வொரு சொல்லிலும் வர வேண்டும். நான்கு எழுத்துக்குக் குறையக் கூடாது. எந்த எழுத்தையும் எத்தனை முறையும் பயன்படுத்தலாம். நான்கெழுத்துச் சொல்லுக்கு 1 புள்ளி. ஐந்துக்கு 5, ஆறுக்கு 6 என்று எழுத்துக்கு ஒன்றாக ஏறும். ஏழு எழுத்தையும் பயன்படுத்திய சொல்லுக்குப் பாங்கிராம் என்று பெயர். அதற்கு மேலே 7 புள்ளி கூடுதல்.

புள்ளிக்கணக்கின் சாய்வைப் புரிந்துகொண்டால் பாதி நேரம் மிச்சம். கே, ஐ, டீ, சி, எச், ஈ, என் என்று ஏழு எழுத்து, நடுவில் டீ என்று வைத்துக்கொள்வோம். 'கிச்சன்' ஏழையும் தொட்டுவிடுகிறது: 7, கூடவே 7, ஆக 14 புள்ளி. நான்கெழுத்துச் சொற்களில் பதினான்கைத் தேடினால்தான் அது கிடைக்கும். அதோடு நிற்பதா? அதே எழுத்துகளைக் குலுக்கினால் 'திக்கன்' வரும், இன்னொரு 14. ஒரு பாங்கிராம் கிடைத்ததும் திருப்தியோடு நகர்ந்துவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. குலுக்கும் பொத்தான் அலங்காரத்துக்கு வைத்ததில்லை; கண் ஒரே அடுக்கில் பழகிவிட்டால் எதிரில் இருக்கும் சொல்லும் தெரியாது. ஐந்தெழுத்துச் சொல்லுக்கும் நான்கெழுத்துச் சொல்லுக்கும் இடையே ஐந்து மடங்கு வித்தியாசம் என்பதால், கிடைத்த குட்டிச் சொல்லின் பின்னால் ஈ-என், ஐ-என்-ஜி, ஈ-டி போன்ற ஒட்டுகளில் எது பொருந்தும் என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. எஸ் எழுத்தை ஏழில் ஒன்றாக வைப்பதில்லை. வைத்தால் எல்லாச் சொல்லுக்கும் பன்மை கிடைத்து ஆட்டமே சப்பென்று ஆகிவிடும்.

சிக்கல் எங்கே? முடிவு எங்கே இருக்கிறது என்று தெரியாது. மொத்தப் புள்ளியில் சுமார் 70 விழுக்காட்டை எட்டினால் ஜீனியஸ் பட்டம். எல்லாச் சொல்லையும் கண்டுபிடித்தால்தான் குயின் பீ. மொத்தம் 200 புள்ளி உள்ள நாளில் 140-ல் ஜீனியஸ். அதுவரை ஓட்டம் சுகமாக இருக்கும். மீதி 60 புள்ளி தாவரப் பெயர், துணி வகை, யாரும் வாயால் உச்சரிக்காத நான்கெழுத்துச் சொற்கள் என்று சந்து பொந்தெல்லாம் ஒளிந்திருக்கும். நாள் முழுக்க மூலையில் திறந்தே கிடக்கும். இன்னொன்று, ஏற்கும் சொற்களை முடிவுசெய்வது அகராதி இல்லை, தொகுப்பாசிரியர். உங்கள் துறையில் அன்றாடம் புழங்கும் சொல்லை 'பட்டியலில் இல்லை' என்று தள்ளிவிட்டு, அதைவிட அபூர்வமான ஒன்றை ஏற்கும். சண்டை போட்டுப் பயனில்லை. ஜீனியஸ் வந்ததும் மூடிவிடுவது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டால் நல்ல விளையாட்டு. குயின் பீயைத் துரத்தினால் வேலை கெடும். துரத்தியே தீர வேண்டும் என்றால், எந்த இரண்டு எழுத்தில் எத்தனை சொல் தொடங்குகிறது என்று காட்டும் குறிப்புப் பக்கத்தைத் திறந்துகொள்ளலாம்; அது ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, நேரத்தைக் காக்கும் வேலி. புதிய புதிர் வருவது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி அதிகாலை 3 மணிக்கு என்பதால், உலகின் வேறு பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பட்டப்பகலில் வந்து விழும். வேலை நேரத்தில் வந்து விழுவதே ஒரு கேடுதான்.

கனெக்‌ஷன்ஸ் 2023-ல் வந்தது. பதினாறு சொற்கள், நான்கு நான்காக நான்கு குழுவாகப் பிரிக்க வேண்டும், நான்கு தவறு செய்தால் ஆட்டம் முடிந்தது. மஞ்சள் எளிது, பிறகு பச்சை, நீலம். ஊதா சூதுக்குப் பேர் போனது. 16 சொல்லை இப்படிப் பிரிக்க 26,27,625 வழி இருக்கிறது. அதில் ஒன்றுதான் சரி. எதிராளி வைக்கும் பொறி எப்படி இருக்கும் என்பதைத் தமிழிலேயே காட்டலாம். இந்தப் பதினாறைப் பாருங்கள்: திங்கள், இரும்பு, கண்ணாடி, ஞாயிறு, தங்கம், செவ்வாய், பரிதி, புதன், பல்லி, ஈயம், வெள்ளி, கதிரவன், கைதி, வியாழன், செம்பு, ஆதவன்.

முதல் பார்வையில் வாரநாள்கள் கண்ணில் அடிக்கும். எண்ணிப் பார்த்தால் ஆறு. ஆறில் நான்கை எடுக்க 15 வழி; தவறுக்கோ நான்கே வாய்ப்பு. அவசரக்காரர் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று வரிசையாக அமுக்குவார். அங்கேயே ஒரு உயிர் போகும். மிகுதியாக இருக்கும் குழுவைத் தொடாமல், குறைவாக இருப்பதைத் தேட வேண்டும். கதிரவன், பரிதி, ஆதவன் என்று சூரியனுக்கு மூன்று பெயர். நாலாவது ஆள் ஞாயிறு. இப்போது நாள்கள் ஐந்து. உலோகத்தில் இரும்பு, தங்கம், ஈயம், செம்பு, வெள்ளி என்று இங்கும் ஐந்து, ஒன்று அதிகம். எதிலும் சேராமல் முழிப்பவை கண்ணாடி, பல்லி, கைதி. பொருளில் ஒற்றுமை இல்லை. அப்படியானால் எழுத்தில் இருக்கும். கண், பல், கை என்று உடலுறுப்பு உள்ளே ஒளிந்திருக்கிறது. நாலாவது செவ்வாய், வாய் அதற்குள்ளேயே இருக்கிறது. செவ்வாய் விலகியதும் திங்கள், புதன், வியாழன் மூன்றும் வெள்ளியை இழுத்துக்கொள்ள, உலோகம் தானாக நான்காகிவிடும். ஊதாக் குழுவின் இயல்பு இதுதான்: சொல்லின் பொருளை விட்டுவிட்டு அதன் உடலைப் பார்க்கச் சொல்லும்.

நான்கில் மூன்று சரியாக இருந்தால் 'ஒன்று தள்ளி' என்று ஒரு செய்தி வரும். அதைப் பார்த்ததும் ஒன்றை மாற்றி அமுக்குவது மனித சுபாவம். பதினாறும் மிச்சம் உள்ளபோது எதை எடுத்து எதை வைப்பது என்பதற்கு 4 பெருக்கல் 12, அதாவது 48 வழி. அந்தச் செய்தி வந்தால் அந்தக் குழுவை அப்படியே நிறுத்திவிட்டு வேறு குழுவுக்குப் போவது மேல். அங்கே ஒன்று தீர்ந்தால் இங்கே தானாகத் தெளியும். கலைத்து அடுக்கும் பொத்தானையும் பயன்படுத்துங்கள். பொறிச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆசை காட்டுவது தொகுப்பாளரின் வழக்கமான குறும்பு.

குறை ஒன்று உண்டு, அது சிறியதில்லை. அமெரிக்க விளையாட்டு அணிகள், அந்நாட்டுத் தொலைக்காட்சி, அங்குள்ள கடைப் பெயர்கள் தெரியாவிட்டால் சில நாள் ஒரு குழு முழுக்க இருட்டு. அந்த நாளில் மற்ற மூன்றையும் தீர்த்தால் நாலாவது தானாக வந்து சேரும் என்பதுதான் ஆறுதல். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், முடிந்தபின் 'அட, வாய்' என்று ஒரு சிரிப்பு மிஞ்சும். நேரத்துக்கு ஈடான சுகம் என்ற கணக்கில் இந்தப் பட்டியலில் முதலிடம் கனெக்‌ஷன்ஸுக்குத்தான். வேர்டில் மயிரிழையில் இரண்டாவது.

ஸ்ட்ராண்ட்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறுக்கு எட்டு, 48 எழுத்துக் கட்டம். ஒரு தலைப்பைச் சுற்றிய சொற்களை வளைத்து வளைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை ஓடும் ஒரு பெரிய சொல் தலைப்பை உடைத்துச் சொல்லும். தலைப்புக்குச் சம்பந்தமில்லாத சொற்கள் மூன்று கண்டால் ஒரு குறிப்பு கிடைக்கும். தோற்க வழியே இல்லை. இளைப்பாற ஏற்றது, மூளைக்குத் தீனி குறைவு.

தமிழிலேயே வேர்டில் போன்றவை இருக்கின்றன. விரலை வைக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: 'விளையாட்டு' என்று அடித்துப் பாருங்கள். வி, ளை, யா, ட், டு என்று நமக்கு ஐந்து எழுத்து. கணினியின் ஒருங்குறி (யூனிகோட்) கணக்கில் அது பத்துக் குறி: அகர உயிர்மெய் தனி, அதன் மேல் ஏறும் உயிர்க்குறி தனி, புள்ளி தனி. ஆங்கில ஆட்டத்தின் நிரலை அப்படியே எடுத்துத் தமிழை ஊற்றியவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். கட்டத்தில் கொம்பு தனியே, கால் தனியே வந்து நிற்கும். 'கொ' போன்ற எழுத்தின் குறியை ஒற்றையாகவும் ஒருங்குறியில் இடலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம்; பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராத விளையாட்டில், சரியான எழுத்தை அடித்தும் சாம்பல் வரும்.

இதைத் தாண்டினாலும் ஒரு அடிப்படைப் பிரச்சினை இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. மூன்று நிறம் அங்கே போதும், இங்கே போதாது. பதில் 'விளையாட்டு', நீங்கள் அடித்தது 'வெளியேற்று' என்று வையுங்கள். வி-க்கு வெ, ளை-க்கு ளி, யா-வுக்கு யே. முதல் மூன்று இடத்திலும் மெய் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் எழுத்தை எழுத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடும் விளையாட்டு ஐந்துக்கும் சாம்பலைத்தான் காட்டும். இவ்வளவு நெருங்கிவந்தவரை இப்படி விரட்டினால் ஆறு முயற்சியில் யாரும் கரையேற முடியாது. 'மெய் சரி, உயிர் வேறு' என்பதற்கும் 'உயிர் சரி, மெய் வேறு' என்பதற்கும் தனித்தனி அடையாளம் தரும் விளையாட்டாகத் தேர்ந்தெடுங்கள். அதைத் தருகிறதா என்று பார்த்தாலே அதைச் செய்தவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பது விளங்கிவிடும். விசைப்பலகையும் அதே போலத்தான் இருக்க வேண்டும்: 247 பொத்தானைத் திரையில் அடுக்க முடியாது, 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 பொத்தான், ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். அப்போது ஆங்கில ஆட்டத்தின் அளவுக்கே வந்துவிடுகிறது.

ஆடுபவர் கையில் ஆங்கிலக்காரருக்கு இல்லாத ஆயுதம் ஒன்று உண்டு: மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்க்குப் பின்னால் எந்த எழுத்து வரலாம் என்ற இலக்கண விதி. தமிழ்ச் சொல்லுக்குள் க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அதனதன் வரிசையே வரும். க் பச்சையானால் அடுத்த கட்டத்தில் க முதல் கௌ வரை பன்னிரண்டில் ஒன்று. 247-ல் 235-ஐக் கழித்தாயிற்று. ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம்: நட்பு, ஆட்சி, வெட்கம் என்று க, ச, ப வரிசையையும் சேர்த்துக்கொள்ளும். ர், ழ் இரட்டிக்கவே இரட்டிக்காது. ங் வந்தால் க வரிசையை நம்பலாம். சொல்லின் முதலில் ண, ழ, ள, ற, ன வராது. கடைசியில் வல்லின மெய் நிற்காது. ஆக, தமிழ் ஆட்டத்தில் முதலில் வேட்டையாட வேண்டியது நடுவில் நிற்கும் புள்ளி எழுத்தை. அது கிடைத்தால் பக்கத்து வீடும் கிடைத்தது போல. பிறமொழிச் சொற்களையும் கிரந்த எழுத்துகளையும் பதிலாக வைக்கும் விளையாட்டில் இந்த விதிகள் ஆட்டம் காணும். ஆடத் தொடங்குமுன் அந்த விவரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

வினைமுற்று விவகாரமும் அப்படியே. வந்தான், வந்தாள், வந்தேன் எல்லாம் பதிலாக வரலாம் என்றால் லைட்-நைட் கூட்டத்தையே தூக்கிச் சாப்பிடும் கூட்டம் ஒவ்வொரு வினைக்கும் கிளம்பிவிடும். முயற்சியாக ஏற்று, பதிலாக வைக்காமல் விடும் விளையாட்டுதான் தாங்கும்.

நான்கெழுத்து ஆட்டத்துக்குத் தொடக்கமாக 'பட்டம்' நல்ல சொல்: ட்-ட இரட்டிப்பு, ஈற்றில் ம் என்று இரண்டு அடிக்கடி வரும் இடங்களை ஒரே அடியில் தட்டிப் பார்க்கிறது. அது முழுக்கச் சாம்பலானால் இரண்டாவதாக 'விலங்கு': ங்-கு இணையும் உகர ஈறும் தெரிந்துவிடும். இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இல்லை.